மேற்பரப்பு பெருகும், நிறை பெருகாது



நனோ பொருள்கள் பற்றிய பேச்சை வேறு ஊரில் ஆய்வகத்திலிருந்து தொடங்கலாம். கிளிநொச்சியில் வயலிலிருந்துதான் தொடங்க வேண்டும். 2021 மே 6ஆம் திகதி வெளிவந்த வர்த்தமானி இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தியது. காலபோகம் வந்தபோது யூரியா இல்லை. ஒக்டோபரில் இந்தியாவிலிருந்து விமானத்தில் ‘நனோ நைதரசன்’ என்னும் திரவ நனோ யூரியாப் பசளை வந்திறங்கியது. நவம்பர் இறுதியில் தடை விலக்கப்பட்டது. ஆனால் பயிரின் பருவம் யாருக்காகவும் காத்திருப்பதில்லை. 2021/22 காலபோகத்தில் நாட்டின் நெல் விளைச்சல் பெரிதாகச் சரிந்தது. இங்கே இருக்கிற கமக்காரருக்கு அதை நான் எடுத்துச் சொல்லத் தேவையில்லை.

அதுவரை பாடப்புத்தகத்தில் இருந்த ‘நனோ’ அந்த ஆண்டில்தான் வயல் வரம்புக்கு வந்தது. வந்த விதம் நல்லதாயில்லை. அதனால் இன்று இரண்டு கட்சிகள் உண்டு. நனோ என்றால் எதையும் செய்யும் என்பது ஒரு கட்சி. நனோ என்றால் ஏமாற்று என்பது மற்றக் கட்சி. நனோ துணிக்கை கொண்ட கொவிட் தடுப்பூசியையும் திரவ நனோ யூரியாவையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுவதில் மட்டும் இரண்டு கட்சியும் ஒற்றுமை. எதை நம்புவது, எதைச் சந்தேகிப்பது என்று பிரித்தறிய ஒரு கணக்குப் போதும். அந்தக் கணக்கை உங்களோடு சேர்ந்து போட்டுப் பார்க்கத்தான் வந்திருக்கிறேன்.

ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நனோமீற்றர். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 நனோமீற்றர். ஒன்றிலிருந்து நூறு நனோமீற்றர் வரையான அளவில் உள்ளவற்றையே நனோ பொருள்கள் என்கிறோம்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒரு சென்ரிமீற்றர் பக்கமுள்ள கனசதுரம் ஒன்றை எடுங்கள். ஆறு முகங்கள், மேற்பரப்பு ஆறு சதுர சென்ரிமீற்றர். இதை ஒரு நனோமீற்றர் பக்கமுள்ள கனசதுரங்களாக வெட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். எல்லாத் துண்டுகளின் முகங்களையும் கூட்டினால் 6,000 சதுர மீற்றர் வருகிறது. ஓர் ஏக்கர் 4,047 சதுர மீற்றர். சுண்டுவிரல் நுனியில் நிற்கிற ஒரு கட்டிக்குள் ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர் பரப்பு அடங்கிக் கிடக்கிறது. ஆனால் வெட்டுவதற்கு முன்னும் பின்னும் நிறுத்துப் பாருங்கள்: நிறை அதேதான். ஓர் அணுகூட கூடவில்லை.

நம் அடுப்படியில் இது எல்லோருக்கும் தெரிந்த விடயம். தடித்த விறகில் தீக்குச்சியை வைத்தால் பற்றாது. அதையே சிராயாகப் பிளந்தால் உடனே பற்றும். பற்றுகிற வேகத்தைக் கொடுப்பது மேற்பரப்பு. ஆனால் ஒரு பிடி சிராயால் ஒரு பானைச் சோறு வேகாது. வெப்பத்தைக் கொடுப்பது விறகின் நிறை. இன்று நான் சொல்லப்போவது முழுவதும் இதற்குள் அடங்கும். மேற்பரப்பில் நடக்கிற வேலைக்கு நனோ பெரிய உதவி. நிறையால் நடக்கிற வேலைக்கு நனோ ஒன்றும் செய்யாது.

மேற்பரப்பு வேலைக்கு இரசாயனத்தில் மிக அழகான சாட்சி பொன். பொன் எதனோடும் இலகுவில் தாக்கமடையாது. கறுக்காது, துருப்பிடிக்காது, அதனால்தான் தாலிக்கு ஆகிறது. 1987இல் யப்பானிய இரசாயனவியலாளர் மசதாகே ஹருதா, சில நனோமீற்றர் அளவான பொன் துணிக்கைகளை உலோக ஒட்சைட்டு ஒன்றின்மேல் பதித்தார். அந்தப் பொன், நச்சு வாயுவான காபனோரொட்சைட்டை, பூச்சியம் பாகைக்குக் கீழான குளிரிலும் காபனீரொட்சைட்டாக மாற்றியது. நகையில் சும்மா இருந்த பொன், துணிக்கையானதும் ஊக்கியாகிவிட்டது. காரணம் விளங்குவது கடினமல்ல. மூன்று நனோமீற்றர் துணிக்கையில் ஏறத்தாழ பாதி அணுக்கள் வெளியே நிற்கின்றன. உள்ளே இருக்கிற அணுவுக்குச் சுற்றிவரத் துணை உண்டு. விளிம்பில் நிற்கிற அணுவுக்கு ஒரு பக்கம் வெறுமை. அந்த வெறும் பக்கத்தால்தான் அது வேறு மூலக்கூறைப் பிடிக்கிறது.

அளவு சிறுத்தால் நிறமும் மாறும். 20 நனோமீற்றர் பொன் துணிக்கைகள் நீரில் மிதந்தால் அந்த நீர் மாணிக்கச் சிவப்பு. மைக்கல் பரடே 1857இலேயே இந்தச் சிவப்பை ஆராய்ந்து இலண்டனில் விரிவுரை நிகழ்த்தினார். அந்தச் சிவப்பு இன்று நம் வைத்தியசாலைகளில் என்ன செய்கிறது என்று பின்னால் சொல்கிறேன்.

இப்போது 2021இல் வந்த அந்த நனோ நைதரசன் போத்தலை எடுத்து மேசையில் வைப்போம். அரை லீற்றர். அதில் நைதரசன் நூற்றுக்கு 4 பங்கு. அதாவது 20 கிராம். அந்தப் போத்தல் ஒரு மூடை யூரியாவுக்கு ஈடு என்று விளம்பரம் செய்யப்பட்டது. யூரியாவில் நைதரசன் நூற்றுக்கு 46. இந்தியாவில் மூடை 45 கிலோ. அதில் 20 கிலோவுக்குச் சற்று மேலான நைதரசன் உண்டு. இருபது கிலோவுக்கு இருபது கிராம் ஈடாகுமா? ஆயிரத்தில் ஒரு பங்கு.

இலையில் தெளிப்பதால் ஒரு துளியும் வீணாகாது என்று வாதிக்கலாம். சரி, முழுவதும் பயிருக்குள் போய்விட்டது என்றே வைத்துக்கொள்வோம். ஒரு தொன் நெல் விளைய, கதிரும் வைக்கோலுமாகப் பயிர் 15 முதல் 20 கிலோ நைதரசன் எடுக்கிறது. அந்தக் கணக்கில் 20 கிராம் நைதரசன் ஒரு கிலோ சொச்ச நெல்லுக்குத்தான் போதும். நைதரசன் இல்லாமல் புரதம் ஆகாது. வெறும் வெளியிலிருந்து புரதம் வராது. துணிக்கையை எவ்வளவு சிறிதாக்கினாலும் இந்த ஐந்தொகை மாறாது.

வயலும் இதையே சொன்னது. லுதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகம் இரண்டு ஆண்டுகள் பரிசோதித்தபோது, வழக்கமான நைதரசனைக் குறைத்துத் திரவ நனோ யூரியா தெளித்த நிலங்களில் நெல் விளைச்சல் ஏறத்தாழ 13 வீதமும், கோதுமை விளைச்சல் 20 வீதத்துக்கு மேலும் குறைந்தன. கொப்பன்கேகன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர் இருவர் இந்தப் பசளையின் விஞ்ஞான அடிப்படையையே கேள்விக்கு உட்படுத்தி எழுதினார்கள். உற்பத்தி செய்யும் நிறுவனமோ தன் பரிசோதனைகளில் விளைச்சல் கூடியதாகவே சொல்கிறது. நீங்கள் யார் பக்கமும் சேர வேண்டாம். கிராமையும் கிலோவையும் எழுதி வைத்துக் கேளுங்கள். நாகம் போன்ற, பயிருக்குச் சிறிதளவே தேவைப்படும் சத்துக்களை இலைவழி கொடுப்பது வேறு கதை. அங்கே கிராம் கணக்கு நிற்கும்.

இதே யூரியாவை வைத்துக்கொண்டு, இதே நாட்டில், நனோவைச் சரியான வேலைக்கு இட்டவர்களும் இருக்கிறார்கள். 2008இல் அரசும் தனியார் நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய இலங்கை நனோ தொழினுட்ப நிறுவகம், ஸ்லின்ரெக், ஹோமாகமவில் இருக்கிறது. அங்கே நில்வலா கோட்டேகொட, வெரஞ்ச கருணாரத்ன, கெஹான் அமரதுங்க முதலியோர் கேட்ட கேள்வி வேறு. யூரியாவின் குறை அது போதாமை அல்ல, அது நில்லாமை. எறிந்த யூரியா நீரில் உடனே கரைகிறது. ஒரு பகுதி அமோனியாவாகக் காற்றில் போகிறது. ஒரு பகுதி நைத்திரேற்றாகி நீரோடு இறங்குகிறது. ஒரு பகுதி நைதரசன் வாயுவாகவும் நைதரசு ஒட்சைட்டாகவும் வெளியேறுகிறது. பொதுவாக எறிந்ததில் பாதிக்கு மேல் பயிருக்குக் கிடைப்பதில்லை. எனவே யூரியாவைப் பிடித்து வைக்க ஒரு மேற்பரப்பு வேண்டும்.

அவர்கள் தேர்ந்த பொருள் ஐதரொட்சி அபடைற்று. கல்சியமும் பொசுபேற்றும் சேர்ந்த கனிமம். நம் எலும்பிலும் பல்லிலும் இருப்பதும் அதன் இனம்தான். அதன் நனோ துணிக்கைகளின்மேல் யூரியா மூலக்கூறுகள் மென்மையாகப் பிணைந்து நிற்கின்றன. 2011இல் அவர்கள் இந்தத் துணிக்கைகளைக் கிளிசரிடியா மரத்துண்டுகளுக்குள் ஏற்றிப் பார்த்தார்கள். ஆம், நம் வேலிகளில் நிற்கிற அதே கிளிசரிடியா. சாதாரணப் பசளை முப்பதாம் நாள் அளவில் ஓய்ந்தபோது, மரத்துக்குள் இருந்த யூரியா அறுபதாம் நாளிலும் நைதரசனை விட்டுக்கொண்டிருந்தது. 2017இல் ‘ஏசிஎஸ் நனோ’ இதழில் வந்த ஆய்வில், ஆறு பங்கு யூரியாவுக்கு ஒரு பங்கு ஐதரொட்சி அபடைற்று சேர்த்தார்கள். நீரில் யூரியா வெளியேறும் வேகம் ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு குறைந்தது. கமக்காரரின் வயல்களில் பாதியளவு யூரியாவோடு நெல் விளைச்சல் குறையாமல் நின்றது.

இந்த மூன்று எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். யூரியாவில் நைதரசன் 46 வீதம். ஸ்லின்ரெக் கலப்பில் 40 வீதம். 2021இல் வந்த தெளிக்கும் போத்தலில் 4 வீதம். நடுவில் இருப்பது நைதரசனைக் குறைத்துவிட்டு நனோ என்று பெயர் வைக்கவில்லை. பயிரின் உணவு ஏறத்தாழ முழுதாக இருக்கிறது. அதைப் பிடித்து வைக்கிற வேலை மட்டுமே நனோவுக்கு. ஆய்வகத்தில் கிராம் கணக்கில் செய்வதைத் தொன் கணக்கில் மலிவாகச் செய்வது தனி வித்தை. அதில் வெல்லாமல் எந்தப் பசளையும் கமநல சேவை நிலையத்துக்கு வராது. ஆனால் வழி இதுதான்.

அதே ஐதரொட்சி அபடைற்றைக் கையில் வைத்துக்கொண்டு வவுனியாவுக்குப் போவோம். அங்கே பல கிணறுகளில் புளோரைட்டு அதிகம். உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த எல்லை லீற்றருக்கு 1.5 மில்லிகிராம். வெப்பமான நாட்டில் கூடுதலாக நீர் குடிக்கிற நமக்கு அதுவும் கூடுதல். இலங்கைத் தரநியமம் 1 மில்லிகிராம் என்கிறது. பிள்ளைகளின் பற்களில் மஞ்சளும் கபிலமுமாகக் கறை விழுவதன் காரணம் இந்தப் புளோரைட்டு. வறண்ட வலயத்துச் சிறுநீரக நோய்க்குக் காரணம் இதுதான் என்று விஞ்ஞானிகள் ஒருமித்துச் சொல்லவில்லை. நீரின் வன்மை, விவசாய இரசாயனங்கள், வெப்பம் எல்லாம் பேசப்படுகின்றன. காரணம் எதுவாயினும் புளோரைட்டு குறைந்த நீர் வேண்டும் என்பதில் சர்ச்சை இல்லை.

புளோரைட்டு ஏன் பல்லையும் எலும்பையும் தேடிப் போகிறது? அபடைற்றுப் பளிங்கில் ஐதரொட்சைட்டு அமர்ந்திருக்கும் இடம் புளோரைட்டுக்கும் கச்சிதமாகப் பொருந்துகிறது. ஒன்றை எழுப்பிவிட்டு மற்றது அமர்கிறது. நம் உடலில் தொல்லையாகிற இந்தத் தாக்கத்தை உடலுக்கு வெளியே, வடிகட்டியில் நடத்திவிட்டால் நீர் தப்பும். திண்டுக்கல் மாவட்டத்திலும் புளோரைட்டுப் பிரச்சினை உண்டு. அங்குள்ள காந்திகிராம கிராமியப் பல்கலைக்கழகத்தில் மீனாட்சி தலைமையிலான குழு 2008இல் நனோ ஐதரொட்சி அபடைற்றோடு கைற்றோசன் சேர்த்துப் பார்த்தது. கைற்றோசன் இறால் ஓட்டிலிருந்து எடுப்பது. நந்திக்கடலும் கொக்கிளாயும் நாயாறும் உள்ள நம் முல்லைத்தீவில் இறால் ஓட்டுக்கு என்ன பஞ்சம்? தனி நனோ அபடைற்று கிலோவுக்கு 1,296 மில்லிகிராம் புளோரைட்டைப் பிடித்தது. கைற்றோசன் சேர்ந்தது 1,560 மில்லிகிராம் பிடித்தது.

இங்கேயும் கணக்குப் போடாமல் கைதட்ட வேண்டாம். கிணற்று நீரில் லீற்றருக்கு 3 மில்லிகிராம் புளோரைட்டு என்று வைப்போம். அதை 1 மில்லிகிராமாகக் குறைக்க வேண்டும். லீற்றருக்கு 2 மில்லிகிராம் பிடிக்க வேண்டும். கைற்றோசன் சேர்ந்த ஒரு கிலோ வடிகட்டிப் பொருள் 780 லீற்றருக்கு வரும். குடிக்கவும் சமைக்கவும் நாளுக்குப் பத்து லீற்றர் என்றால் ஒரு குடும்பத்துக்கு 78 நாள். இது கூடியபட்சக் கணக்கு. புளோரைட்டு குறைந்த நீரில் பிடிமானமும் குறையும். பிறகு அந்தப் பொருளை மாற்ற வேண்டும், அல்லது கழுவி மீட்க வேண்டும், பிடித்த புளோரைட்டைப் பாதுகாப்பாக அகற்ற வேண்டும். இன்று நம் ஊர்களில் இருக்கிற ஆர்.ஓ. நீர் சுத்திகரிப்பு நிலையங்களுக்கும் செலவும் கழிவுநீரும் உண்டு. இரண்டையும் ஒரே கணக்கில் வைத்து ஒப்பிடலாம். ஒப்பிட முடிகிறது என்பதே இதன் நேர்மை. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் தலப்பில் பிரதீப் குழு, ஆசனிக்கை அகற்றும் ‘அம்ரித்’ வடிகட்டியை இரும்பு ஒட்சிஐதரொட்சைட்டு நனோ துணிக்கைகளாலும் கைற்றோசனாலும் இவ்வாறே எண்ணிக் கணக்கிட்டுத்தான் ஊர்களுக்குக் கொண்டுபோனது.

மருத்துவத்துக்கு வருவோம். முன்பு சொன்ன பொன்னின் சிவப்பை நீங்கள் எல்லோரும் பார்த்திருக்கிறீர்கள். கொவிட் காலத்து ‘ரப்பிட் அன்டிஜன்’ பட்டியில் வந்த கோடு பெரும்பாலும் பொன் நனோ துணிக்கைகளின் கோடுதான். கர்ப்பப் பரிசோதனைப் பட்டியிலும் அதுவே. ஒவ்வொரு துணிக்கையின்மேலும் குறித்த ஒரு பொருளை மட்டும் பிடிக்கிற பிறபொருளெதிரிகள் பூசப்பட்டிருக்கும். தேடும் பொருள் இருந்தால் துணிக்கைகள் கோட்டில் சிறைப்பட்டுக் கூடும், சிவப்புத் தெரியும். மலேரியாவுக்கும் இத்தகைய பட்டி உண்டு. போர்க்காலத்தில் மலேரியா வன்னியை எப்படி வாட்டியது என்பதை மூத்தவர்கள் அறிவார்கள். 2012 ஒக்டோபருக்குப் பிறகு பல ஆண்டுகள் உள்நாட்டில் தொற்று இல்லை; 2016 செப்ரெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. வெளிநாட்டிலிருந்து வருகிற ஒரு தொற்றையும் தவறவிடாமல் இருப்பதற்கு இத்தகைய பட்டிகள் இன்றும் துணை. இங்கே பொன் செய்வது அடையாளம் காட்டுகிற வேலை. ஒரு பட்டிக்குத் தேவைப்படும் பொன் மிக மிகச் சொற்பம். சொற்பம் போதுமான வேலை இது.

இரத்தச்சோகையுள்ள கர்ப்பிணிகளுக்கும் சிறுநீரக நோயாளருக்கும் ஏற்றுகிற இரும்புச் சுக்குரோசு ஊசியும் நனோ மருந்துதான் என்றால் பலர் வியப்பார்கள். கபில நிறக் கரைசல். உள்ளே இரும்பின் நனோ கரு, வெளியே சீனியின் உறை. வெறும் இரும்பு அயனை இரத்தத்தில் விட்டால் நஞ்சு. உறை அதை மெல்ல மெல்ல விடுவிக்கிறது. யூரியாவுக்கு அபடைற்று செய்ததை இங்கே சீனி செய்கிறது. இரும்பின் அளவோ நூறு மில்லிகிராம் கணக்கில் முழுதாகவே கொடுக்கப்படுகிறது. அதில் யாரும் சிக்கனம் பிடிக்கவில்லை.

புற்றுநோய்ச் சிகிச்சைக்குத் தெல்லிப்பழைக்கும் மகரகமவுக்கும் போய் வருகிற குடும்பங்கள் இந்த மண்டபத்திலும் இருக்கலாம். அவர்களுக்குப் பொய்யான ஆசை காட்டக்கூடாது. டொக்சோரூபிசின் என்ற மருந்து புற்றைக் கொல்லும், இதயத்தையும் தாக்கும். அதை ஏறத்தாழ 100 நனோமீற்றர் கொழுப்புக் குமிழிக்குள் அடைத்துக் கொடுக்கும் மருந்து 1995இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இதயத் தசைக்குக் குமிழி அதிகம் போவதில்லை. புற்றுக்கட்டியின் இரத்தக்குழாய்கள் ஓட்டையானவை, அங்கே கசிந்து தங்குகிறது. இதய நச்சுத்தன்மை குறைந்தது உண்மை. ஆனால் நனோ துணிக்கை நேரே புற்றைத் தேடிப் போய்த் தாக்கும் என்று சொல்வது மிகை. விலங்குப் பரிசோதனைகள் பலவற்றைத் தொகுத்து 2016இல் வெளியான ஆய்வொன்று, செலுத்திய துணிக்கைகளில் கட்டியை அடைவது இடையப் பெறுமானமாக 0.7 வீதம் என்று காட்டியது. மிகுதியில் பெரும்பகுதியை ஈரலும் மண்ணீரலும் பிடித்துக்கொள்கின்றன.

கொவிட் மூன்றாவது ஊசியாக இந்நாட்டில் பெரும்பாலும் ஏற்றப்பட்டது பைசர் தடுப்பூசி. அதில் இருந்த எம்.ஆர்.என்.ஏ. மூலக்கூறைத் தனியே உடலில் விட்டால் நொடியில் சிதைந்துவிடும். கொழுப்பு நனோ துணிக்கை அதைப் பொதிந்து கலத்துக்குள் கொண்டுபோனது. கலத்துக்குள் போனபின் ஒரு எம்.ஆர்.என்.ஏ. மூலக்கூறைப் பார்த்துப் பல புரத மூலக்கூறுகள் உருவாகின்றன. அந்தப் புரதத்துக்கு வேண்டிய நைதரசனை உடல் தன் சொந்தக் கையிருப்பிலிருந்து கொடுக்கிறது. தடுப்பூசி கொண்டுபோனது செய்தி. யூரியா கொண்டுபோக வேண்டியது உணவு. மைக்கிரோகிராம் கணக்கான செய்தி போதும், உணவு போதாது. இரண்டையும் ஒரே சாக்கில் கட்டக்கூடாது என்று தொடக்கத்தில் சொன்னது இதனால்தான்.

ஆபத்து இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு, அதுவும் மேற்பரப்பின் விளைவே. பெரிய துகள் போகாத இடத்துக்குச் சிறிய துணிக்கை போகும், அங்கே தாக்கமும் கூடும். உணவுக்கு வெண்மை தரச் சேர்த்த தைத்தானியமீரொட்சைட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் தடை செய்தது. வயலில் நனோ பசளை தெளிப்பவர் மூக்கையும் வாயையும் மூடவேண்டும். ஒரு பொருள் எங்கே போய் முடிகிறது என்று கேட்காமல் அதை வயலிலும் வாய்க்காலிலும் விடக்கூடாது.

வன்னிக்கு இரசாயனம் புதிதல்ல. ஆனையிறவு உப்பிலிருந்து எரிசோடாவும் குளோரினும் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலை எண்பதுகளில் போரால் நின்றுபோனது. அதற்கு முன் நாட்டின் குடிநீருக்குக் குளோரின் இங்கிருந்து போனது. இன்று அறிவியல்நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய, தொழினுட்ப பீடங்கள் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்ட் முதல் தனிப் பல்கலைக்கழகம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பௌதிகவியல் துறையில் புண்ணியமூர்த்தி ரவிராஜன் குழு தைத்தானியமீரொட்சைட்டு நனோ துணிக்கைகளால் சூரியக் கலங்கள் செய்து ஆராய்ந்து வருகிறது. தைத்தானியத்தின் தாதான இல்மனைற்றோ புல்மோட்டைக் கரையிலிருந்து காலங்காலமாக மூலப்பொருளாகவே கப்பலேறுகிறது.

எனவே என் வேண்டுகோள் மூன்று. இனி எந்த நனோ பசளை வந்தாலும், நாடு முழுவதும் கொடுப்பதற்கு முன், இரணைமடுக் குளத்தின் கீழ் ஒரு காலபோகமும் ஒரு சிறுபோகமும் பரிசோதிக்கப்பட வேண்டும்; முடிவு தமிழில் எழுதி கமக்காரர் அமைப்புகளுக்குக் கொடுக்கப்பட வேண்டும். இரண்டாவது, வவுனியா, முல்லைத்தீவுக் கிணறுகளின் புளோரைட்டு அளவைப் பாடசாலை மாணவர்களே பல்கலைக்கழகத்தின் துணையோடு அளந்து வரைபடமாக்கலாம். வடிகட்டி எங்கே வேண்டும் என்பது அதிலிருந்து தெரியும். மூன்றாவது இங்கிருக்கிற உங்கள் எல்லோருக்கும்: ‘நனோ’ என்று யார் எதை நீட்டினாலும், இதில் சிறிதாயிருப்பது என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள், அந்த வேலைக்கு எத்தனை கிராம் வேண்டும், இதில் எத்தனை கிராம் இருக்கிறது என்று அடுத்துக் கேளுங்கள். இரண்டுக்கும் எண்ணோடு பதில் சொல்பவரை வரவேற்று உட்கார வையுங்கள். சொல்லாதவரிடம் போத்தலை வாங்காதீர்கள்.

 இனி உங்கள் கேள்விகளுக்கு நேரம். கமக்காரர் முதலில் கேட்கட்டும்.